ஏப்ரல் மாதத்து நம்பிக்கை

ஏப்ரல் மாதத்தில் ஒரு பேஸ்பால் ரசிகனிடம் கைமாற்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவான். சீசன் இப்போதுதான் தொடங்கியிருக்கும். போன வருடம் முழுக்க அடி வாங்கிய அதே பிட்சர்கள் இரண்டு வாரமாக எதிரணியை ரன் எடுக்க விடாமல் கட்டிப்போட்டிருப்பார்கள். உடனே ரசிகன் அக்டோபர் மாத இறுதிப் போட்டிகளுக்கு டிக்கெட் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவான். அட்லாண்டாவில் குடியிருக்கும் பிரேவ்ஸ் அணியின் ரசிகனான நானும் அந்த ஜாதிதான். வருடா வருடம் இதே பரவசம், வருடா வருடம் இதே சந்தேகம்: இந்த முன்னேற்றம் நிஜமா, நான்கு நாள் கூத்தா?

கேள்வி என்னவோ விளையாட்டைப் பற்றியதுதான். ஆனால் கொஞ்சம் கிளறினால் அது வேறு பல வீடுகளின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஒருவர் தேறிவருவதுபோலத் தெரிகிறது. எப்போது நம்பலாம்? எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில் ஆட்டத்துக்கு வருவோம். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர்கள் மாறி மாறி ஓவர் போடுவார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், தாக்குப்பிடிக்கும் வரை தானே தொடர்ந்து போடுவார். அது கையைப் பிழியும் வேலை என்பதால் அடுத்த ஆட்டம் ஐந்தாவது நாள்தான். ஆக ஒரு அணிக்கு ஐந்து முதன்மைப் பிட்சர்கள், அவர்களுக்குப் பின்னால் கடைசி இன்னிங்ஸ்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம். இவர்களை எடைபோட நூறு வருடங்களுக்கு மேலாகப் புழங்கிவரும் கணக்கு ஈஆர்ஏ. பீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் அபாரம், ஐந்தைத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து.

ஏப்ரலில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. 28 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்த பிட்சருக்கு ஈஆர்ஏ 2.25, பத்திரிகைகள் கொண்டாடும். அடுத்த ஆட்டத்தில் அவர் இரண்டே இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்து வெளியேறினால் அதுவே 4.20 ஆகிவிடும். ஒரே சாயங்காலத்தில் நட்சத்திரம் சாதாரண ஆளாகிவிடுகிறார். மொத்தம் 162 ஆட்டங்கள் உள்ள சீசனில், ஏப்ரல் முடியும்போது ஏறக்குறைய முப்பதுதான் ஆகியிருக்கும். போதாக்குறைக்கு வடக்கு நகரங்களில் இன்னும் குளிர் விட்டிருக்காது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்து அதில் அவ்வளவு தூரம் பறக்காது. ஜூலையில் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகக்கூடிய அடி, ஏப்ரலில் வேலி ஓரம் நிற்பவர் கையில் வந்து விழும். பிட்சர் போட்டது இரண்டு தடவையும் அதே மோசமான பந்துதான்.

இந்த ஆட்டத்தை எனக்குப் பழக்கியவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். மைதானத்துக்கு வந்தால் ஸ்கோர் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு பேட்டர் அவுட் ஆனதும் அதற்கான குறியீட்டைக் கட்டத்தில் எழுதுவார், எல்லோரும் செய்வதுதான். கூடவே அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஓங்கி அடிக்கப்பட்டு, நேராகப் பீல்டர் கைக்குப் போனதால் மட்டும் அவுட் ஆன பந்துகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். ஒருநாள் நம் பிட்சர் ஏழு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் முடித்து, மைதானமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அட்டையை என் பக்கம் திருப்பினார். அம்மை போட்டதுபோல அட்டை முழுக்கப் புள்ளிகள். ஜெயித்துவிட்டோம், ஆனால் இவன் நன்றாகப் போடவில்லை என்றார்.

அவர் பென்சிலால் செய்ததை 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ரசிகர் எண்களால் நிரூபித்து ஆட்டத்தையே கலக்கினார். பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகுமா, அவுட் ஆகுமா என்பதில் பிட்சருக்கு இருக்கும் பிடி நாம் நினைத்ததைவிட மிகக் குறைவு என்பது அவர் வாதம். பொதுவாக அப்படிப்பட்ட பந்துகளில் பத்தில் மூன்று ஹிட் ஆகும். ஒருவருக்கு ஒரு மாதம் இரண்டாகக் குறையலாம், இன்னொருவருக்கு நான்காக ஏறலாம். அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டமும் பின்னால் நிற்கும் பீல்டர்களின் திறமையும்தான். பிட்சரின் கையில் அதிகம் இருப்பவை, பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட், வாக் எனப்படும் இலவச பேஸ், ஹோம் ரன் ஆகிய மூன்று. பின்னால் வந்தவர்கள் இந்த முடிவை அங்கங்கே திருத்தினார்கள், அடிப்படை நிலைத்துவிட்டது. ஏப்ரலில் ஒருவர் தேறியிருக்கிறாரா என்று பார்க்க, ரன்னை விட்டுவிட்டு முதலில் இந்த எண்களைப் பார்ப்பது இன்றைக்கு ரசிகர்களின் பழக்கமாகிவிட்டது.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் 1991இல் வந்து நிற்கும். பிரேவ்ஸ் அணி 1988, 1989, 1990 என்று மூன்று வருடம் தன் பிரிவில் கடைசி. 1990இல் 97 தோல்விகள், ஈஆர்ஏ 4.58, நேஷனல் லீகிலேயே படுமோசம். அந்த அணியில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். டாம் கிளாவின் 1988இல் 17 ஆட்டங்களைத் தோற்றவர். ஸ்டீவ் ஏவரி 1990இல் வென்றது 3, தோற்றது 11. மூன்றாமவர் ஜான் ஸ்மோல்ட்ஸ். 1990இன் நடுவில் பாபி காக்ஸ் மேனேஜராக வந்தார், கூடவே பிட்சிங் பயிற்சியாளராக லியோ மசோனி. பதற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாரே, அந்த மனிதர்தான். மற்ற அணிகளில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பிட்சர்கள் ஒருமுறை பயிற்சி செய்வது வழக்கம். மசோனி இருமுறை போடச் சொன்னார். முழு வேகம் வேண்டாம், பேட்டருக்குத் தாழ்வாக, வெளிப்பக்கம், அந்த ஒரு மூலையில் விழட்டும் என்பதுதான் பாடம்.

பிட்சர்களுக்கு வெளியேயும் வேலை நடந்தது. புதிதாக வந்த பொது மேலாளர் ஜான் ஷெர்ஹோல்ஸ், டெர்ரி பென்டில்டன், சிட் பிரீம், ரஃபேல் பெலியார்ட் என்று தரையில் உருண்டு வரும் பந்தை விடாமல் பிடிக்கும் ஆட்களைக் கொண்டுவந்தார். குண்டும் குழியுமாக இருந்த மைதானத் தரையும் சீரானது. தாழ்வாக விழும் பந்தை அடித்தால் அது பெரும்பாலும் தரையில்தான் ஓடும். ஓடும் பந்தைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் மசோனியின் பாடத்துக்குப் பலன் இல்லை. 1991இல் அணியின் ஈஆர்ஏ 3.49க்கு இறங்கியது. அந்தப் புகழில் எவ்வளவு கிளாவினுக்கு, எவ்வளவு பென்டில்டனுக்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். தனியாக முன்னேறியவர் என்று நாம் யாரைப் புகழ்ந்தாலும் அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் இந்தக் கதையை ரசிகர்கள் சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். சீசனின் பாதியில் அந்த அணி வென்றது 39, தோற்றது 40. முதலிடத்தில் இருந்த டாட்ஜர்ஸ் அணிக்கு ஒன்பதரை ஆட்டம் பின்னால். ஸ்மோல்ட்ஸின் கணக்கு இரண்டு வெற்றி, பதினொரு தோல்வி. அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அவரைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பியிருக்க வேண்டும். காக்ஸ் அனுப்பவில்லை. கை நன்றாக இருக்கிறது, வேகம் இருக்கிறது, மனம்தான் தடுமாறுகிறது என்று கணித்தார்கள். ஜாக் லெவெலின் என்ற உளவியலாளரிடம் ஸ்மோல்ட்ஸ் பேசப் போனார். ஸ்மோல்ட்ஸ் நன்றாகப் போட்ட பந்துகளை மட்டும் தொகுத்து ஒரு சின்ன வீடியோவாக்கி, அதைப் பார்க்கச் சொன்னார் அவர். ஆட்டத்தின்போது கண்ணில் படும்படி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். சீசனின் மறுபாதியில் ஸ்மோல்ட்ஸ் வென்றது 12, தோற்றது 2. கிளாவின் 20 வெற்றிகளோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய், பத்து இன்னிங்ஸ் ஆடி, 1-0 என்று தோற்றது. அன்றைக்கு எங்கள் பக்கம் தொடங்கியவர் ஸ்மோல்ட்ஸ். அவர் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

நேர்மாறான கதையும் உண்டு. 1981இல் ஓக்லண்ட் அணி முதல் பதினொரு ஆட்டங்களையும் வென்று சீசனைத் தொடங்கியது. அவர்களின் ஐந்து இளம் பிட்சர்கள்தான் நாடு முழுக்கப் பேச்சு. மேனேஜர் பில்லி மார்ட்டின் அவர்களை எளிதில் வெளியே எடுக்கமாட்டார். முந்தைய வருடமே 94 ஆட்டங்களைத் தொடங்கிய பிட்சரே முடித்தும் வைத்திருந்தார். ரிக் லாங்ஃபோர்ட் மட்டும் தொடர்ச்சியாக 22 ஆட்டங்களைக் கடைசிப் பந்து வரை போட்டார். 1982இல் கைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அணி 94 ஆட்டங்களைத் தோற்றது, மார்ட்டின் வேலை போயிற்று. அந்த ஏப்ரல் வெற்றிகள் பொய் இல்லை. அடுத்தடுத்த வருடங்களின் மூலதனத்தை எடுத்துச் செலவழித்த வெற்றிகள்.

எனக்கு நெருங்கிய ஒருவர் குடியை நிறுத்தியபோது இதெல்லாம் என் மனதில் வேறு வடிவம் எடுத்தது. முதல் மாதத்தில் எங்கள் வட்டத்தில் இரண்டு கட்சிகள் உருவாயின. ஆள் அடியோடு மாறிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னவர்கள் ஒரு கட்சி. எத்தனை நாளைக்கு, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று முனகியவர்கள் மறு கட்சி. இரு தரப்பும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறார், சண்டை வந்தால் எழுந்து வெளியே போகிறாரா, உட்கார்ந்து பேசுகிறாரா, குடியை விட்டவர்களின் வாராந்தரக் கூட்டத்துக்குச் சாக்குச் சொல்லாமல் போகிறாரா என்பவற்றைக் கவனித்தார். நடுவில் கணவர் ராத்திரி பகல் பாராமல் கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சும்மா இருக்கும் நேரமே இல்லாமல் ஆக்கிக்கொண்டார். நாங்கள் மெச்சினோம். அந்த அம்மாவுக்குத்தான் பயம் வந்தது. இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்ட முடியும் என்று கேட்டு, வேலையைக் குறைக்க வைத்தார். அதே வருடம் ஒருநாள் கணவர் வழுக்கி விழுந்து மறுபடி குடித்தார். முனகிய கட்சிக்குக் கொண்டாட்டம். மறுநாள் காலையில் அவரே கூட்டத்துக்குக் கிளம்பிப் போனதை அவர் மனைவி பார்த்தார், அவருக்கு அது போதும்.

ரசிகனுக்கும் காக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரசிகன் செப்டம்பர் வரை பொறுத்திருந்து, எல்லாம் தெரிந்தபின் நம்பலாம். அவனுக்கு நஷ்டமில்லை. மேனேஜருக்கு அந்த வசதி கிடையாது. அவர் மே மாதமே, பாதித் தகவலை வைத்துக்கொண்டு, இன்று யார் பந்து போடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். மனைவியும், ஆசிரியரும், வைத்தியரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஆதாரம் முழுதாக வரட்டும் என்று இவர்கள் காத்திருந்தால் ஆதாரம் வரவே வராது. பந்தைக் கையில் கொடுக்காமல் யாரும் தேறிக் காட்ட முடியாதே.

காக்ஸ் ஸ்மோல்ட்ஸுக்கு ஒரு சீசனை எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஆட்டத்தைக் கொடுத்தார். ஐந்து நாள் கழித்து இன்னொன்று. நம்பிக்கையை மொத்தமாக வைப்பதா, கொடுக்கவே மறுப்பதா என்று நாம் திண்டாடுகிறோம். ஒரு முறைக்கு ஒரு ஆட்டம் என்று கொடுத்தால் ஏமாந்தாலும் தாங்கும் அளவுக்குத்தான் ஏமாறுவோம். வாங்கிக்கொள்பவருக்கும் அது சுமையாக இருக்காது. நீ இனி விழவேமாட்டாய் என்று எல்லோரும் சேர்ந்து நம்புவது எவ்வளவு கனமானது என்று விழுந்து எழுந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இப்படிக் கொடுத்தாலும் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. கிளாவினும் ஸ்மோல்ட்ஸும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்கள். 1991இல் அவர்களுக்கு இணையாக ஒளிர்ந்த ஏவரியை இரண்டு வருடம் கழித்து வந்த காயம் முடக்கியது. மொத்தம் 96 வெற்றிகளோடு அவர் ஆட்டவாழ்வு ஓய்ந்தது. மசோனி பின்னர் பால்டிமோர் அணிக்குப் போனார். அங்கே அதே பாடம் எடுபடவில்லை, இரண்டு சீசனில் அனுப்பிவிட்டார்கள். இதனால் ஏவரி 1991இல் பெற்ற 18 வெற்றிகள் பொய்யாகிவிடுமா? அந்த வருடம் அவர் நிஜமாகவே நன்றாகப் போட்டார். பின்னால் வந்த சரிவை வைத்து முன்னால் வந்த முன்னேற்றத்தை அழிப்பது நம்மில் பலருக்கு உள்ள கெட்ட பழக்கம்.

ஆகவே இந்த ஏப்ரலிலும் எங்கள் பிட்சர்கள் நன்றாகப் போட்டால் நான் கைதட்டத்தான் போகிறேன். கூடவே ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் பார்ப்பேன், யார் கையைப் பிழிந்து இந்த வெற்றி வருகிறது என்றும் பார்ப்பேன். அக்டோபரைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். தேறிவரும் மனிதர்களிடமும் இதையே கடைப்பிடிக்கப் பார்க்கிறேன். சபாஷ் என்று சொல்வது நல்லதுதான். அதைவிட, அவர்களுடைய அடுத்த முறை வரும்போது பந்தை வேறு யாரிடமும் கொடுத்துவிடாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய உதவி.