கை அறிந்த கூலி

ஆசிரியப் பணியில் 33 ஆண்டுகள் கழித்து, 58 வயதில் ஓய்வு பெற்றபோது, வீட்டின் பின்தாழ்வாரத்தில் சிறியதொரு தச்சுப் பட்டறை அமைத்தேன். 8 அடிக்கு 10 அடி இடம்; முதுகு வளையாமல் நின்று வேலை செய்யும் உயரத்தில் ஒரு மேசை; ஒரு கைரம்பம், இரண்டு இழைப்புளிகள், மூன்று உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், தீட்டுக்கல். இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடையில் பழைய தேக்குச் சன்னல் சட்டங்களை வாங்கினேன். பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். புதிய மரம்போல் எளிதில் முறுக்கிக்கொள்ளாது.

பொழுதுபோக்காகத் தொடங்கிய இம்முயற்சி என் மனச்சான்றை உறுத்தும் ஒரு கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் எண்ணவில்லை.

முதல் முயற்சி, நான்கு கால்களுள்ள ஒரு சிறு ஸ்டூல். அதைச் செய்து முடிக்க எனக்கு 16 நாள்கள் ஆயின. மரத்தின் நார் ஓடும் போக்கை அறியாமல் எதிர்த்திசையில் இழைத்தேன், பரப்பெங்கும் பிய்ந்துபோயிற்று. மழுங்கிய உளியை வலிந்து அழுத்தினேன். அது வழுக்கி இடக்கை விரலைப் பதம் பார்த்தது. உளி கூராக இருந்தால்தான் கைக்குப் பாதுகாப்பு என்பதை அந்தக் காயத்தில்தான் கற்றேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் முதல் வேலையாகத் தீட்டுக்கல்லின் முன் அமர்ந்தேன்.

அங்கு அமர்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்தப் பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவிலுள்ள தச்சர் ஒருவர் எனக்குக் கதவு வைத்த புத்தக அலமாரி செய்து தந்தார். மூன்று நாள் கூலி கேட்டார். “நாலு பலகையை அறுத்து ஆணி அடிப்பதற்கு மூன்று நாளா, தம்பி? காலையில் பாதி நேரம் உளி தீட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய்!” என்று பேசி, இரண்டு நாள் கூலியே கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அன்று மாலை முழுவதும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. இதை அறிந்து அவர் கதவுக்கு விட்டிருந்த மெல்லிய இடைவெளியால், இத்தனை ஐப்பசி மழையிலும் அந்த அலமாரி ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. அந்த அறிவுக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. தீட்டிய நேரத்தையும் சோம்பலாகக் கணக்கிட்டுக் கழித்துவிட்டேன்.

‘அவர் ஒப்புக்கொண்டுதானே வாங்கினார்?’ என்று மனம் வாதாடியது. ஆனால் 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் இந்த வாதத்தைத்தான் மறுக்கிறார். இருவரும் உடன்பட்டுவிட்டால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது. வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைவானதற்கு இசைந்தால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவரே என்பது அவர் போதனை. இதை நான் மறைக்கல்வி வகுப்பில் கற்பித்திருக்கிறேன். என் கை அதை அறிய ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது!

நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சர் என்று சுட்டி, அதனாலேயே அவரை ஏற்கத் தயங்கியதை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர்களை நாம் எளிதில் குறை கூறுகிறோம். என் வீட்டிலோ, தச்சுக் கருவி ஏந்திய சூசையப்பர் சுரூபம் வீற்றிருப்பது, கூலி குறைத்து வாங்கிய அந்த அலமாரியின் மேல்!

பட்டறை அமைத்துவிட்டதால் நானும் தச்சனாகிவிடவில்லை. 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தியது. நான் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் வேலை செய்கிறேன். இடுப்பு வலித்தால் எழுந்துவிடுகிறேன். அவர் இளமை முதல் அத்தூளைச் சுவாசிக்கிறார்; வலித்தாலும் எழ முடியாது. ஆகவே, பக்கத்து வீட்டார் தங்களுக்கும் இலவசமாக ஏதேனும் செய்து தருமாறு கேட்டபோது, அவரிடமே அனுப்பிவைத்தேன். என் பொழுதுபோக்கு அவர் பிழைப்பில் கை வைக்கலாகாது.

ஒருநாள் விடுபட்ட கூலியோடு அவர் வீட்டுக்குச் சென்றேன். “அதையெல்லாம் அன்றைக்கே மறந்துவிட்டேன், சார்” என்று சிரித்துப் பணத்தை மறுத்தார். அவருடைய மறதி அவருடைய பெருந்தன்மை. அது என் கடனைத் தீர்த்துவிடுமா? “அப்படியானால் எனக்குத் தொழில் கற்றுக் கொடுங்கள், தம்பி. சனிக்கிழமை மாலைகளில் வாருங்கள். என்ன கேட்கிறீர்களோ, தருகிறேன்” என்றேன். சற்று யோசித்து ஒரு தொகை சொன்னார். இம்முறை நான் பேரம் பேசவில்லை.

முதல் சனிக்கிழமை, ஆடிக்கொண்டிருந்த என் ஸ்டூலைக் காட்டினேன். ஆட்டத்தை நிறுத்த ஒரு காலை மாற்றி ஒரு காலாக நான் அறுத்ததில், அது இரண்டு அங்குலம் குட்டையாகியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. குனிந்து, நேரான சட்டம் ஒன்றைத் தாழ்வாரத் தரையில் வைத்துப் பார்த்தார்.

“காலில் தொடங்கிய கோணல் இல்லை, சார். நீங்கள் வைத்துப் பார்த்த தரைதான் கோணல்” என்றார்.