மண்ணுக்கு நடுநிலை உண்டா?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் பந்து எப்படித் திரும்பினாலும் எங்கள் பையன்கள் மணலைத் திட்டுவதில்லை. சேப்பாக்கத்தில் விமர்சகர்கள் திட்டினார்கள். 2021 பிப்ரவரியில் இந்தியா–இங்கிலாந்து தொடரின் முதல் டெஸ்டில் ரூட் 218 அடித்து இங்கிலாந்து வென்றபோது ஆடுகளம் நல்லது. அடுத்த டெஸ்டில் முதல் நாளே தூசி பறந்து, இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றதும் அதர்மம்! அதே தூசியில்தான் நம்ம மாம்பலத்து அஸ்வின் 106 அடித்தார்.

பிறகு அதே தொடரில் அகமதாபாத்தில் ஆட்டம் இரண்டே நாளில் முடிந்தது. மிச்ச மூன்று நாள் விளம்பரம் போச்சே என்று டிவிக்காரர்கள் கவலைப்படலாம். அதற்காகக் களத்தைச் செத்த தார்ரோடாக்குவதுதான் எனக்குப் பாவம்.

மண் இரு அணிக்கும் ஒன்றுதான். பாரபட்சம், யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் டாஸில் இருக்கிறது. இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்டில் 2016-இல் செய்ததுபோல, முதலில் பந்துவீசும் உரிமையை விருந்தாளி அணிக்கே கொடுத்துவிடுங்கள்.