பையில் அடங்கும் பிடி

என்னிடம் ஒரு சிறிய ரிவால்வர் இருக்கிறது. டாலஸ் புறநகரில் எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வீடுகளிலும் துப்பாக்கி உண்டு. வார இறுதி விருந்துகளில் வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் கல்லூரி, ஊரில் விற்காமல் கிடக்கும் மனை என்று எல்லாவற்றையும் பேசுவோம். இதை மட்டும் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் துப்பாக்கி சரியா தவறா என்ற பெரிய வாதத்தில் போய் முட்டும். அந்த வாதம் எனக்கு அலுத்துவிட்டது. சில மாதங்களாக என் மண்டையைக் குடைவது அதைவிடச் சிறிய கேள்வி: கால்சட்டைப் பையில் வைக்கும் துப்பாக்கிக்கு எந்தக் கைப்பிடியைப் போடுவது?

எச்-1பி விசாவில் இருந்தவரை இதற்கு இடமே இல்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு வந்தால் தடை நீங்கிவிடும். 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில், வேலை முடிந்து நண்பருடன் உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் 'என் நாட்டைவிட்டுப் போ' என்று கத்தியவன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் யாரும் சாப்பாட்டு இடைவேளையில் சத்தமாகத் தமிழ் பேசவில்லை. அவனை மடக்கப் பாய்ந்த உள்ளூர்க்காரர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. குண்டடி பட்டுப் பிழைத்தார். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றாகவே என் மனதில் இருக்கின்றன. ஒன்று வாங்கச் சொன்னது. மற்றது என்ன சொன்னது என்று இன்னும் யோசிக்கிறேன்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த 'ஜே ஃபிரேம்' என்னும் சின்னச் சட்டகம். ஐந்து தோட்டா. இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல். அலுமினியக் கலவை என்பதால் காலியாக இருக்கும்போது எடை 400 கிராமுக்குச் சற்றுமேல். சுத்தியல் உடலுக்குள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. அந்த வடிவம் 1952-இல் வந்தது. எழுபது ஆண்டுகளாகப் பெரிதாக மாறாத ஒரு பொருள். எங்கள் மென்பொருள் தொழிலில் எழுபது மாதம் மாறாமல் இருந்தாலே அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாறுவதெல்லாம் கைப்பிடிதான். ஒரே ஒரு திருகாணி. கழற்றினால் பிடி கையோடு வந்துவிடும். ஆகவே கடையில் ஒரு சுவர் முழுக்கப் பிடிகள் தொங்குகின்றன. மரப்பிடி வழவழப்பானது, பையிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் குட்டையான மரப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது அந்தரத்தில் நிற்கும். ரப்பர் கையில் நன்றாக ஒட்டும். துணியிலும் ஒட்டும், அவசரத்தில் எடுத்தால் பையின் உள்துணியும் சேர்ந்து வெளியே வரும். மூன்று விரலும் அடங்கும் நீளமான பிடி கட்டுக்குள் நிற்கும், ஆனால் கால்சட்டைக்கு மேல் அதன் வடிவம் அப்பட்டமாகத் தெரியும். பின்பக்கத்திலும் ஒரு சிக்கல். சட்டகத்தின் உலோக முதுகை மூடாமல் விடும் பிடி மெலிதாக இருக்கும், விசைக்கு விரல் எளிதில் எட்டும். சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள சதையில் உலோகம் நேராக உதைக்கும். முதுகை மூடினால் உதை குறையும், சின்னக் கைக்கு விசை தூரமாகிவிடும்.

விசையை இழுக்க ஏறத்தாழ 12 பவுண்டு அழுத்தம் வேண்டும். அதாவது அரைக்கிலோகூட இல்லாத ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஒரு விரலால் ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். பிடி சரியில்லை என்றால் குழல் நகரும். குழல் மயிரிழை நகர்ந்தால் போதும், குண்டு வேறெங்கோ போகும்.

கடைக்காரர் நல்ல மனிதர். அவருடைய வாதம் எளிமையானது: ஆயிரம் நாள் சுமக்கப் போகிறீர்கள், ஒரு நாளும் சுடப் போவதில்லை, ஆகவே சுமக்கச் சுகமானதை எடுங்கள். கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கை என் வேலையில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். தரவுக் காப்பு நகலைத் தினமும் எடுக்க வசதியாக இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். சர்வர் விழுந்த அன்று அதிலிருந்து மீட்க முடியுமா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அங்கே நஷ்டம் நிறுவனத்துக்கு. இங்கே யாருக்கு? மளிகைக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் கொத்தமல்லிக் கட்டோடு நிற்கிற பெண்ணுக்கு. குட்டைப் பிடியின் சுகம் முழுக்க என்னுடையது, அதன் ஆபத்தில் பெரும்பங்கு அவருடையது. அவரை யாரும் கேட்கவில்லை.

சட்டமும் கேட்கவில்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, வேறு தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். பயிற்சியும் கட்டாயமில்லை. குட்டைப் பிடியில் இருபது குண்டு சுட்டாலே உள்ளங்கை எரியும். எரிகிற கை அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகாது. சுமக்கச் சுகமான பிடி, பழகாத கையையே உருவாக்குகிறது. இது எனக்கு வெறும் வசதிக் கேள்வியாகத் தோன்றவில்லை.

மறைத்து வைப்பது ஒரு நாகரிகம் என்பார்கள். இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு திரிந்து பிறரைப் பயமுறுத்துவதைவிட மேல்தான். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியில் வள்ளுவர் குறுக்கே நிற்கிறார். கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் இருக்கலாம் என்று அவர் எச்சரிப்பது கூடாநட்பு அதிகாரத்தில், பகைவரைப் பற்றி. நான் யாருக்கும் பகைவன் இல்லை. ஆனால் எதிரே கைகூப்பி நிற்பவருக்கு என் பையில் இருப்பது தெரியாது என்ற அளவில் இருவர் நிலையும் ஒன்றுதான். தெரிந்திருந்தால் அவர் சற்றுத் தள்ளி நிற்பாரோ, குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வாரோ. அந்த எச்சரிக்கையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவன், அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மெல்லிய மரப்பிடியைப் போட்டு மனைவியிடம் காட்டினேன். பையில் இருப்பதே தெரியவில்லை என்று நான் சொன்னதும், "தெரியலன்னா உங்களுக்கே மறந்துடாதா?" என்றாள். சிரிக்கவில்லை. 2023-இல் அமெரிக்க விமானநிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது: பையில் இருந்ததை மறந்துவிட்டேன். பொய் என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு நல்ல பிடியோ, அவ்வளவு எளிதில் மறந்துபோகும்; அதற்காகவே அதைச் செய்கிறார்கள். மறக்கப்பட்ட துப்பாக்கி நாற்காலிமேல் தொங்கும் கோட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பையன் இருக்கிறான். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்பவர்கள். அந்நியனைப் பற்றிய பயத்தில் வாங்குகிற பொருள், புள்ளிவிவரப்படி யார் பக்கம் திரும்புகிறது என்பதை நம் விருந்துகளில் ஒருமுறையாவது பேசலாம்.

கடைசியில் நீளமான ரப்பர் பிடியைத்தான் போட்டேன். முதுகு மூடியது, மூன்று விரலும் உட்காரும். மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போகிறேன். ஐம்பது குண்டு வரை கை தாங்குகிறது. ஆனால் அலுவலகக் கால்சட்டையின் பையில் அது நுழையாது. குளிர்கோட்டில் மட்டும் நுழையும். டாலஸில் குளிர் எத்தனை வாரம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் இரும்புப் பெட்டிக்குள், பூட்டில் இருக்கிறது. இதைக் கேட்ட நண்பன் ஒருவன், "அப்போ எதுக்குடா வாங்கினே?" என்றான். நியாயமான கேள்வி. சுமக்க முடிகிறபடி இருந்தால் கட்டுப்படாது, கட்டுப்படுகிறபடி இருந்தால் சுமக்க முடியாது என்றால், நான் விட்டுக்கொடுக்க வேண்டியது சுமப்பதைத்தான் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பிடியில் மனைவியின் விரல் விசைக்குச் சரியாக எட்டுவதில்லை. அவளுக்கென்று மெலிதான ஒன்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எட்டாமலே இருக்கட்டும் என்றாள்.