சாவி யார் கையில்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குப் பத்மநாபசுவாமி கோயில் நினைவில் இருக்கும், சாலைக் கடைத்தெரு நினைவில் இருக்கும். கூப்பிடு தூரத்து அட்டக்குளங்கரையில் ஒரு சிறை மதில் நிற்பது மட்டும் யாருக்கும் தோன்றாது. அதே ஊரின் பூஜப்புரை மத்திய சிறை 1886 முதல் இருக்கிறது. அங்கே கைதிகள் சுடும் சப்பாத்தியை ஊரே வாங்கித் தின்கிறது. மலிவு, ருசியும் குறைவில்லை. சுட்ட கையைப் பற்றி மட்டும் கேட்பாரில்லை.

இந்தக் கோட்டைப் பகுதிக் காவல் நிலையத்துக்கு 2005 செப்டம்பரில் பூங்கா ஒன்றிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய தாய் வழக்கை விடவில்லை. 2018இல் சிபிஐ நீதிமன்றம் போலீசார் இருவருக்குத் தூக்கு விதித்தது. 2025இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எந்தத் தீர்ப்பு சரி என்று சொல்ல நான் யார்? ஆனால் இருபது ஆண்டு நீதிமன்றங்கள் தேடியதை, அன்று அந்த அறைக்குள் எட்டிப் பார்க்க உரிமையுள்ள ஒரு வெளியாள் ஒரே பார்வையில் கண்டிருப்பார்.

சிறை மாநில அரசின் பொறுப்பு. வார்டன் கண்காணிப்பாளருக்குப் பதில் சொல்வார், அவர் துறைத் தலைவருக்கு. எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள். வீட்டுக்குள் நடந்த தப்பை வீட்டாரே எழுதி அனுப்புவார்கள் என்று நம்புவது வெகுளித்தனம்.

இது நன்றாகத் தெரிந்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1948இல் தானே ஒரு மாதம் உள்ளே இருந்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையும் அவரிடம் வந்தது. பிறகு அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, திகார் சிறையில் ஒரு கைதியை வார்டன் சித்திரவதை செய்ததை இன்னொரு கைதியான சுனில் பத்ரா அந்த நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே மனுவானது. அந்த வழக்கில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக்குள் குறைகேட்புப் பெட்டி வைக்கச் சொன்னது. அதைத் திறக்கும் பொறுப்பைச் சிறை அதிகாரியிடம் விடாமல் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமும் செஷன்ஸ் நீதிபதியிடமும் கொடுத்தது. அவர்கள் நியமிக்கும் வக்கீல்கள் கைதிகளைத் தனியே பார்த்துப் பேசவும் வழி செய்தது. பெட்டி யாரும் வைக்கலாம். சாவி யாரிடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளிக் கண் என்ன செய்யும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் வழக்கத்தை ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்து எழுதினார். சுதந்திரம் வந்து எழுபது ஆண்டு கடந்தும் பல மாநிலக் கையேடுகளில் அது அப்படியே கிடந்தது. உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது 2024 அக்டோபரில்.

உள்ளே இருப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகள்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள்.

இவர்களுக்கான வெளிக் கண்ணாக அரசு அதிகாரி அல்லாத பார்வையாளர்களையும் சிறைக்கு நியமிக்கலாம். அந்த இடம் கட்சிக்காரருக்குக் கைம்மாறாகப் போனால், அவர் வருவதாகச் சொல்லி வைத்த நாளில் வந்து, சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்று மட்டும் சாம்பார் கெட்டியாக இருக்கும். சொல்லாமல் வருகிறவர்தான் மறுநாள் சாம்பாரில் கரண்டியை விட்டுப் பார்ப்பார்.