நல்ல நிய்யத்தும் கேட்கப்படாத கேள்வியும்

ஒரு நற்கருமத்தைச் செய்பவர், அது தன் கைக்கு வந்து சேர்ந்த பாதைக்கும் பொறுப்பாளியா? நிய்யத் தூய்மையாக இருந்தால் மட்டும் போதுமா? இது பழைய கேள்விதான். எனினும், கடல் கடந்து சென்று ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வரும் குடும்பங்களின் பயணத்தை வைத்து யோசிக்கும்போது, இக்கேள்வி மிகவும் கனத்துப் போகின்றது.

சீனாவை எடுத்துக்கொள்வோம். 1992 முதல் 2024 வரை அந்நாட்டிலிருந்து 160,000 இற்கும் அதிகமான பிள்ளைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களில் 82,000 இற்கும் மேற்பட்டோர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்ற அரசின் கொள்கையும், ஆண்பிள்ளை மீதான விருப்பமும் சேர்ந்து, ஆரம்ப ஆண்டுகளில் அநாதை இல்லங்களைப் பெண் குழந்தைகளால் நிறைத்திருந்தன.

அமெரிக்கப் பெற்றோரின் பயணம் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு நீளும். பல குடும்பங்கள் குழுவாகப் போவதுண்டு. மாகாணத் தலைநகரில், ஓர் அரச அலுவலகத்திலோ ஹோட்டலிலோ வைத்துப் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள். பிறகு எல்லோரும் குவாங்சோ நகருக்கு வருவார்கள். தத்துப் பிள்ளைகளுக்கான வீசாவை அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகமே வழங்கியது. அது பல ஆண்டுகள் ஷாமியன் தீவில் இருந்தது. அதன் அருகிலேயே வைட் ஸ்வான் ஹோட்டல். அங்கே தங்கிய தத்துக் குடும்பங்களுக்கு, சீனக் குழந்தையொன்றை ஏந்திய வெள்ளைக்காரப் பார்பி பொம்மை அன்பளிப்பாகக் கிடைத்த காலமும் இருந்தது. மருத்துவப் பரிசோதனை, வீசா, விமானம். பெற்றோருக்கு அது போய்வரும் பயணம். பிள்ளைக்கோ போகும் பயணம் மட்டுமே.

அப்பெற்றோர் இரண்டு முக்கியமான பொருட்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்தது, அநாதை இல்லத்துக்குக் கட்டாய நன்கொடையாக நீண்டகாலம் அறவிடப்பட்ட சுமார் 3,000 டொலர். பெற்றுக்கொண்டது, பிள்ளை எங்கே, எப்போது கைவிடப்பட்டுக் கிடந்தது என்று கூறும் சான்றிதழ். அரச முத்திரை பதித்த தாள். அதை நம்பாமலிருக்க அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது?

2005 இல் ஹூனான் மாகாணத்தில் ஒரு விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே சில அநாதை இல்லங்கள் தரகர்களிடம் குழந்தைகளை விலைக்கு வாங்கி, கைவிடப்பட்டவர்களென்று பொய்யாகப் பதிந்து, வெளிநாட்டாருக்குத் தத்துக் கொடுத்திருந்தன. 2006 இல் சம்பந்தப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஒரு முனையில் நன்கொடையாகக் கொடுக்கப்பட்ட பணம், மறுமுனையில் குழந்தையின் விலையாக மாறியிருந்தது. நடுவில் நின்றவர்கள் அந்த மாற்றத்தைக் கொடுத்தவரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள்.

"அதற்காக, தெருவில் கிடந்த பிள்ளை இல்லத்திலேயே வாடட்டும் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையாகவே கைவிடப்பட்ட பிள்ளைகள் பெருந்தொகையாக இருந்தார்கள். சத்திரசிகிச்சை கிடைத்து உயிர் தப்பியவர்களும் அவர்களில் அடங்குவர். வளர்த்தவர்களின் பாசம் பொய்யல்ல. ஆனால், காப்பாற்றப்பட்ட பிள்ளையின் கதையைச் சொல்லி, வாங்கப்பட்ட பிள்ளையின் கதையை மூடிவிட முடியாது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அறியாமல் பெற்றுக்கொண்டவர் மீது குற்றம் சுமத்துவது அநீதி. குற்றம் விற்றவருடையது, பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் வரும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கண்காணிக்கத் தவறிய அரசுகளுக்கும் அதில் பங்குண்டு. எனினும், பொறுப்பு அறிந்த நாளிலிருந்து தொடங்குகின்றது. அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துவதும், பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதும், அது தன் வேரைத் தேடப் புறப்படும்போது மனம் கோணாமல் துணை நிற்பதும் வளர்த்தவர் கடமை. "நாங்கள் நல்லதைத்தானே நினைத்தோம்" என்பது அக்கடமையிலிருந்து யாரையும் விடுவிக்காது.

இது எங்கோ நடந்த கதையென்று நாமும் ஒதுங்கிவிட முடியாது. 1980 களில் இலங்கையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சென்றனர். குழந்தைகளை விற்பதற்காகவே தாய்மாரைத் தங்க வைத்த இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டதையடுத்து, 1987 இல் வெளிநாட்டுத் தத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் 'தாய்' என்று நடித்துக் குழந்தையைக் கையளித்த சம்பவங்கள் பின்னர் தெரியவந்தன. வளர்ந்து பெரியவர்களாகி நெதர்லாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் உம்மாவைத் தேடி வந்த சிலர், தாளிலிருந்த பெயருக்குரிய பெண் தம்மைப் பெற்றவளல்ல என்று அறிந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அன்புக்குக் குறைவிருந்திருக்காது. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது உண்மை.

நமது மார்க்கம் இவ்விடயத்தில் காட்டும் நுட்பம் சிந்திக்கத்தக்கது. அநாதையைப் பொறுப்பேற்பதை அது மிக உயர்வாகப் போற்றுகின்றது. ஆனால் வம்சத்தை மறைப்பதை அனுமதிக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பு மகனாக, ஸைத் இப்னு முஹம்மத் என்று அழைக்கப்பட்டவர், வஹீ இறங்கிய பின் தன் தகப்பன் பெயரால் ஸைத் இப்னு ஹாரிதா என்றே அழைக்கப்பட்டார். அதனால் அவர் மீதான நேசம் குறையவில்லை. 1989 இன் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயமும் தன் 20 ஆம் உறுப்புரையில் 'கபாலா' எனும் இஸ்லாமியப் பராமரிப்பு முறையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது.

நமது கிராமத்துப் பாடசாலைகளின் சேர்விடாப்பைப் புரட்டிப் பாருங்கள். சாச்சியின் வீட்டில் வளரும் பிள்ளைக்கும், தகப்பன் பெயர் என்ற நிரலில் மௌத்தான வாப்பாவின் பெயரே இருக்கும். பாதுகாவலர் என்ற நிரலில் சாச்சப்பாவின் பெயர் இருக்கும். இரண்டு நிரல்களும் அருகருகே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. சோறூட்டி வளர்த்தவருக்கும் இடமுண்டு, பெற்றவருக்கும் இடமுண்டு.

எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனாலும் அந்த முதல் நிரலை வெறுமையாகவோ பொய்யாகவோ விட்டுவிட நமக்கு அதிகாரமில்லை. அது வளர்ப்பவரின் சொத்தல்ல, பிள்ளையின் அமானிதம்.