விசுவாசம் எளிதோ, அரிதோ?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சாமி, இவன் வேற சபைக்குப் போவுதான். என்னன்னு நீங்களே கேளுங்க" என்றார். மகன் படித்து வேலையில் இருக்கும் இளைஞன். சிறுவனாக இருந்தபோது பூசைக்கு உதவி செய்தவன். வண்ணார்பேட்டையில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடும் ஜெபவீட்டுக்குச் சில மாதங்களாகப் போய்வருகிறானாம்.

தாயின் குறை இது: "அங்க எல்லாம் லேசாம் சாமி. ஏசுவை ஏத்துக்கிட்டேன்னு சொல்லிட்டாப் போதுமாம். பாவசங்கீர்த்தனம் வேண்டாம், ஜெபமாலை வேண்டாம், செத்தவங்களுக்குப் பூசை வேண்டாம். லேசா இருக்கற இடத்துக்குத்தானே பிள்ளைக போகும்?"

மகன் சிரித்தான். "லேசுன்னு யார் சொன்னா, ஃபாதர்? சம்பளத்துல பத்துல ஒண்ணு காணிக்கை. வாரத்துல ஒரு நாள் உபவாசம். மாசத்துல ஒரு ராத்திரி முழுக்க ஜெபம். சினிமா கிடையாது. நம்ம கோவில்தான் லேசு. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பின்னால நின்னுட்டு, நன்மை வாங்கினதும் அப்படியே நழுவிரலாம்."

இருவர் சொன்னதும் உண்மை. அன்றிரவு வெகு நேரம் நமக்கு உறக்கம் வரவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் எளிதா, அரிதா என்ற கேள்வியைக் குருமடத்தில் இறையியல் பாடமாகப் படித்திருக்கிறோம். ஒரு தாயும் மகனுமாக அது கோவில் வாசலில் வந்து நின்றபோதோ நம்மிடம் ஆயத்தமான பதில் இல்லை.

கத்தோலிக்கர் நாம் சுவிசேஷ சபையாரைப் பார்த்து, "ஒரு வார்த்தையில் மீட்பை முடித்துவிடுகிறார்கள்" என்கிறோம். அவர்கள் நம்மைப் பார்த்து, "கிருபையாய்க் கிடைத்ததைச் சடங்குகளால் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். நற்செய்தியிலோ இரண்டுக்கும் இடம் உண்டு. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் போதுமானதாயிற்று. கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதல் கடைப்பிடித்த செல்வந்தனுக்கோ, உள்ளதையெல்லாம் விற்றாலொழிய வழியில்லாமற்போயிற்று. இருவரையும் நோக்கியவர் ஒருவரே.

இதைப் பற்றி எண்ண நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தாமிரபரணிக்கு இக்கரையிலேயே, வண்ணார்பேட்டைக்குப் பக்கத்துப் பாளையங்கோட்டையில், குளோரிந்தா என்ற அம்மையார் கட்டிய ஆலயம் நிற்கிறது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண் அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்துவந்தார். கிறிஸ்துவை அவர் விசுவசித்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. திருமுழுக்குக் கேட்டபோதோ, தஞ்சையிலிருந்த சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த வாழ்க்கை தொடரும் வரை முடியாது என்பது அவர் முடிவு. லிட்டில்டன் இறந்த பின்னரே, 1778-ஆம் ஆண்டில், குளோரிந்தா திருமுழுக்குப் பெற்றார். அவர் கட்டிய ஆலயம் 1785-இல் அர்ச்சிக்கப்பட்டது. நெல்லைச் சீமையின் சீர்திருத்தச் சபை வரலாறு இந்த அம்மையாரோடு தொடங்குகிறது.

சுவார்ட்ஸ் யார் என்பதை மறந்துவிடக்கூடாது. விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்று போதித்த லூத்தரின் வழிவந்தவர் அவர். வாசலை அகலத் திறந்திருக்க வேண்டியவர் அவரே என்று நாம் நினைப்போம். அவரோ வாசலை மூடிக் காக்கவைத்தார்.

அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் முன்னால், 1542-இல், புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்கு முன்பே கடற்கரை மக்கள் ஆயிரமாயிரமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். மறைக்கல்வி என்பது பெயருக்கும் இருக்கவில்லை. அவர் தமிழறிந்தோர் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும், மங்கள வார்த்தையையும், பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இவற்றைச் சொல்லி ஏற்றுக்கொண்டவர்களுக்கு, கை ஓய்ந்துபோகும் அளவுக்குத் திருமுழுக்கு அளித்ததை 1544-ஆம் ஆண்டு ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். செயல்களையும் அருட்சாதனங்களையும் வலியுறுத்தும் சபையின் துறவி, நான்கு ஜெபங்களோடு வாசலைத் திறந்துவிட்டார்!

ஆகவே, கத்தோலிக்கம் கடினம், சுவிசேஷ சபைகள் எளிது என்ற கணக்கு நம் மண்ணிலேயே தலைகீழாகிவிடுகிறது. சபைகளின் போதனை ஏட்டில் ஒரு வகையாகவும், மனிதரைச் சந்திக்கும் இடத்தில் வேறு வகையாகவும் நடந்துகொள்கிறது. வெளிநாட்டிலும் இதுதான் கதை. மலிவான அருள் என்று தம் சபையைச் சாடி 1937-இல் நூல் எழுதியவர் லூத்தரன் போதகர் போன்ஹோஃபர். அவர் 1945-இல் ஹிட்லர் ஆட்சியினரால் தூக்கிலிடப்பட்டார். குழந்தையைப் போல் இறைவன் கையில் தன்னை விட்டுவிடும் சிறிய வழியை உலகுக்குக் காட்டியவரோ, கடுந்தவ மடமொன்றின் நான்கு சுவர்களுக்குள் வாழ்ந்த குழந்தை தெரேசம்மாள். அவரைத் திருச்சபை 1997-இல் மறைவல்லுநராக உயர்த்தியது.

போதனையளவிலும் பழைய வேலிகள் பல தளர்ந்துவிட்டன. மனிதனை நீதிமானாக்கும் அருளை, அதற்கு முன் வரும் விசுவாசமோ செயலோ எதுவும் சம்பாதித்துத் தர இயலாது என்று திரிதெந்தின் பொதுச்சங்கமே 1547-இல் கூறியது. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு இறைவனின் கொடை. நற்செயல்கள் அதன் கனி. வேறுபாடுகள் சில எஞ்சியிருந்தாலும் இதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். பின்னர் மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஒன்றியம் 2017-இலும் அதில் இணைந்தன. நம் ஊர் மேல்மாடி ஜெபவீடுகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. நம் கோவில் பிரசங்க மேடைகளுக்கும் அது அதிகமாக எட்டியதாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் தமிழே நமக்கு ஒன்று சொல்லித் தருகிறது. பழைய கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் 'விசுவாசம்' என்றே சொல்லிவந்தோம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. நல்ல தமிழ்ச் சொல்தான், குறை சொல்லவில்லை. ஆயினும் நம் கிராமத்து மக்கள் விசுவாசம் என்ற சொல்லை எங்கே வழங்குகிறார்கள் என்று பாருங்கள். வளர்த்தவனை விட்டு அகலாத நாயை விசுவாசமுள்ளது என்கிறார்கள். உப்பிட்டவரை மறவாதவனை விசுவாசி என்கிறார்கள். நம்பிக்கை நெஞ்சுக்குள் இருந்துவிடலாம்; எவரும் பார்க்க வேண்டியதில்லை. விசுவாசமோ எசமானுக்கு எதிராக ஊரே திரும்பும் நாளில்தான் தெரியவரும். முன்னது ஒரு கணத்தில் பிறக்கலாம், பின்னதற்கு ஆயுள் முழுதும் வேண்டும். எளிதும் அரிதும் இந்த இரு சொற்களுக்கிடையே இருக்கின்றன என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் ஊர் திரும்பும் நாள் நம் பக்கத்தில் எப்போது வந்தது?

நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் அலுவலர். டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன யோபுவின் கதை அவர் உள்ளத்தைத் திருப்பியது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தண்ணீர் ஊற்றச் சில நொடிகள் போதும். அதன்பின் நடந்ததை வாசகர் அறிவர். 1749-இல் கைதானார். அடியும் அவமானமுமாய் இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உயர்குலத்தவரான அவர் எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகியது அக்காலத்தில் பெருங்குற்றமாய்த் தெரிந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அவரை 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தியபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் விடப்பட்டிருந்தது.

அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1872-இல் எழுந்த ஆலயத்தின் அமைப்பைச் சொல்ல நாணமாயிருக்கிறது. பீடம் ஒன்று, அதிலிருந்து விரிந்து செல்லும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளரும் முதலிமாரும், மற்றதில் நாடார்களும். இடையே சுவர். குருவை இரு சாராரும் காணலாம், ஒருவரையொருவர் காண இயலாது. அந்தக் கூடங்களில் நின்றவர்களின் பக்தியைக் குறைத்துப் பேச நமக்குத் தகுதியில்லை. ஒருசந்தி இருந்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், ஆண்டுக்கொரு முறை தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். சபை கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள். சுவரை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. 1910-இல் சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் அதை இடித்தபோது, பிரிவினையை உரிமையாகக் கோரி வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. (சீர்திருத்தச் சபையார் இதைப் படித்து மகிழ வேண்டாம். கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று 1833-இல் கடிதம் விடுத்தபோது, தஞ்சைச் சபையில் எழுந்த எதிர்ப்பும் சிறியதன்று.)

ஒரு சபை எத்தனை கடமைகளை விதித்தாலும், மனிதன் அவற்றையெல்லாம் நிறைவேற்றிவிட்டு, தன்னிடம் உண்மையில் கேட்கப்படும் ஒன்றைக் கொடுக்காமலே இருந்துவிட முடியும். பத்திலொன்று காணிக்கையும் முழு இரவு ஜெபமும்கூட அதற்கு மறைவிடமாகலாம். கடமைகளின் எண்ணிக்கை கூடினால் மறைவிடமும் விசாலமாகிறது!

இதைப் பிறரைப் பற்றி எழுதிவிட்டு நாம் நழுவக்கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் பங்குத்தந்தையாக இருந்தோம். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாயில்கள். எந்த உடல் எந்த வாயிலால் போக வேண்டும் என்பதை ஊரில் எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை; சொல்லாமலே விளங்கியது. நாமும் உடலுக்கு ஏற்ற வாயிலால் தீர்த்தச் செம்போடு நடந்தோம். அங்கிருந்த காலத்தில் ஒரு நாளும் திருப்பலி தவறவில்லை, கட்டளை ஜெபம் தவறவில்லை, ஆண்டுத் தியானம் தவறவில்லை. வாயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாற்றலாகி வந்த நாளில் ஊரார் மாலையிட்டு, "நல்ல சாமியார்" என்று வழியனுப்பினார்கள்.

இப்போதும் தவக்காலத்தில் மனச்சாட்சி ஆய்வுக்கென ஒரு துண்டுத்தாளை அச்சிட்டுக் கொடுக்கிறோம். ஞாயிறு பூசைக்குத் தவறினாயா, வெள்ளியன்று மாமிசம் உண்டாயா என்றெல்லாம் அதில் இருக்கிறது. சாதியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அதை எழுதியவர் நாமே.

அந்தத் தாயும் மகனும் சென்ற மாதம் மீண்டும் வந்தார்கள். இம்முறை செய்தி வேறு. ஜெபவீட்டுக்கு வரும் பெண்ணொருத்தியை அவன் மணந்துகொள்ள விரும்புகிறான். பெண்ணும் அவள் வீட்டாரும் நம் கோவிலில் மணம் நடப்பதற்கும் இசைகிறார்கள். தாயின் முகத்தில் நிம்மதி இருக்கும் என்று எண்ணினோம். அவரோ மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சபை வேறன்னாலும் பரவாயில்ல சாமி. நம்ம சொந்தத்துலயே எத்தனை பேரு சி.எஸ்.ஐ.-ல கட்டியிருக்கோம். நம்ம ஆளுகளா இருந்தாப் போதும். இது வேற ஆளுக. நீங்க சொன்னாக் கேப்பான்."

மகனிடமும் பேசினோம். பெண்ணின் தந்தையை அவருடைய பாஸ்டர் தனியே அழைத்து, வேறு சாதியில் கொடுக்க வேண்டாம் என்று அறிவுரை சொன்னாராம். அந்த மனிதர் மறுத்துவிட்டாராம். "அவரு ரொம்பப் படிக்காதவரு, ஃபாதர்" என்றான் மகன். "எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லித்தானே ஞானஸ்நானம் குடுத்தீங்கன்னு பாஸ்டர்ட்டயே கேட்டுட்டாராம்."

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அந்தத் தாய் நம் பதிலுக்காக வருவார். வடக்கன்குளத்துச் சுவரிலிருந்து தொடங்குவதா, அந்த இரண்டு வாயில்களிலிருந்து தொடங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.