கடல் கடந்து வந்த நிவேதனம்



ஆலயத்திலே மூர்த்திக்கு நைவேத்தியம் படைக்கப்படும்போது திரை போடப்படும். சமைத்தவர் அதனை முன்னதாகச் சுவை பார்ப்பதில்லை. படைத்தபின் "இது என்னுடையது" என்று உரிமை கொண்டாடுவதும் இல்லை. இந்த நிவேதனம் என்னும் சொல்லையே தம் பெயராகத் தாங்கி, ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகக் கடல் கடந்து வந்தவர் ஒருவர் இருந்தார். அவரே நிவேதிதா அம்மையார்.

1867ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஒரு கிறிஸ்தவ போதகரின் மகளாகப் பிறந்தவர் மார்கரெட் எலிசபெத் நோபிள். தமது பத்தாவது வயதில் தந்தையை இழந்தார். பதினேழு வயதிலேயே ஆசிரியப் பணியில் சேர்ந்தார். விளையாட்டின் மூலமும் கைவேலையின் மூலமும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் புதிய முறையைப் பயின்று, இலண்டன் மாநகரின் விம்பிள்டனில் சொந்தமாகவே ஒரு பாடசாலையை நடத்தினார். அங்கே அவருக்கு நற்பெயர் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். 1895இல் சுவாமி விவேகானந்தரின் உரைகளைக் கேட்டார். கேட்டவுடன் அடிபணிந்துவிடவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டார், ஐயப்பட்டார். தெளிந்த பின்னரே ஏற்றுக்கொண்டார்.

1897இல் சுவாமிகள் எழுதிய கடிதம் ஆசை வார்த்தைகளால் ஆனதன்று. தாங்க முடியாத வெயில், வறுமை, வெள்ளைத் தோலைக் கண்டு விலகும் மக்கள், பைத்தியக்காரி என்று எள்ளும் வெள்ளையர், இவை அனைத்தும் காத்திருக்கின்றன என்று முன்கூட்டியே எச்சரித்தார். அதை வாசித்த பின்னும் அம்மையார் புறப்பட்டார். 1898 ஜனவரி 28இல் கல்கத்தாவை அடைந்தார். மார்ச் 25இல் சுவாமிகள் அவருக்குப் பிரமசரிய தீட்சை அளித்து நிவேதிதா என்று நாமம் சூட்டினார்.

வந்தவர் முதலில் மாணவி ஆனார். சுவாமி சொரூபானந்தரிடம் வங்காள மொழி பயின்றார். தெரிந்ததைச் சொல்ல வந்தவருக்கு, தெரியாததைக் கேட்டு அமர்ந்திருப்பது எளிதன்று. அன்னை சாரதாதேவியார் ஆசாரம் மிக்க அக்காலத்தில் அவரைத் தம்மோடு இருத்தி உணவருந்தியபோது, அயலவரின் தயக்கமும் ஓரளவு நீங்கியது.

அதே ஆண்டு நவம்பர் 13, காளி பூசை நாள். பாக்பஜாரில் போஸ்பாரா ஒழுங்கையில் ஒரு சிறு வீட்டில், அன்னையார் பூசை செய்து ஆசீர்வதிக்கப் பாடசாலை தொடங்கியது. கட்டணம் இல்லை. ஆயினும் பிள்ளைகள் தாமாக வரவில்லை. சிறுவயதிலேயே மணம் முடித்துக் கொடுக்கும் காலம் அது. அம்மையார் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். வந்தவர்களுக்கு எழுத்தோடு சித்திரமும் தையலும் களிமண் வேலையும் கற்பித்தார்.

1899இல் கொள்ளைநோய் பரவியது. குப்பை கூட்ட ஆள் இல்லாதபோது அம்மையாரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். அதைக் கண்டு வெட்கிய இளைஞர்கள் பின்னால் வந்தார்கள். குடிசையொன்றில் நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்துப் பராமரித்தார்.

இவ்வளவு செய்தும் பாடசாலை நிலைத்ததா? இல்லை. பணம் இன்றி அதே ஆண்டில் மூடப்பட்டது. அம்மையார் நிதி தேடி மேல்நாடு சென்று, 1902இலேயே திரும்பினார். நல்ல மனம் மட்டும் ஒரு பாடசாலையை நடத்திவிடாது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்காலத்திலும் வெளிநாட்டில் வளர்ந்த இளைஞர் விடுமுறைக்கு ஊர் வந்து, இரண்டு கிழமை ஆங்கிலம் படிப்பித்துவிட்டுச் செல்வதுண்டு. நற்காரியமே. ஆனால் அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் அந்தப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பவர் யார்? வருகின்றவர் மட்டுமன்று, வரவேற்று மாலை போடுகின்ற ஊரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

திரும்பி வந்த அம்மையார் தனித்து நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி கிறிஸ்டீன், 1903இல் மணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் வகுப்புகளை நடத்தினார். நாளாந்த வேலையின் பாரத்தைப் பெரிதும் சுமந்தவர் அவரே. அவர் பெயரை அறிந்தவர் சிலரே. அம்மையார் நூல்கள் எழுதினார், நாட்டு விடுதலைக்காகவும் உழைத்தார். 1906இல் அவரைச் சந்தித்த மகாகவி பாரதியார் அவரையே குருவாகக் கொண்டு, 1908இல் வெளியான தமது 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்குச் சமர்ப்பித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் கேட்ட கேள்வி, பெண் விடுதலை பற்றிய பாரதியின் எண்ணத்தையே மாற்றியதாகச் சொல்வார்கள்.

1911 அக்டோபர் 13இல் டார்ஜிலிங்கில் அம்மையார் சிவபதம் அடைந்தார். நாற்பத்து நான்கு வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. இம்முறை பாடசாலை மூடப்படவில்லை. அவர்களோடு சேர்ந்து கற்பித்து வந்த சுதீரா தேவி என்னும் வங்காளப் பெண்மணி அதனைத் தொடர்ந்து நடத்தினார். பிற்காலத்தில் அது ஸ்ரீ இராமகிருஷ்ண சாரதா மிஷனின் பொறுப்பில் வந்தது. பாக்பஜாரில் இன்றும் நிவேதிதாவின் பெயரால் பெண் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.